கிரிப்டோ வேலையை வேண்டாம் என்று சொல்வது எப்படி? சேலத்துப் பொறியாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அழகாபுரத்தில் மாடி அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஹெட்செட் மாட்டிக்கொண்டு மீட்டிங் பேசுவார்கள். இவர்களில் ரஸ்ட், சாலிடிட்டி, கோ மாதிரி மொழிகள் தெரிந்தவர்களுக்கு எப்போதாவது ஒரு செய்தி வந்து விழும். கிரிப்டோ நிறுவனம், அதாவது பிட்காயின் மாதிரி டிஜிட்டல் நாணயங்களை வைத்துத் தொழில் செய்கிற இடம். சம்பளம் டாலரில், இப்போது வாங்குவதைவிட இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ. ஊரை விட்டுப் போக வேண்டாம், பெங்களூரு வாடகை இல்லை.

எனக்கும் வந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். அது தெரிந்து ஊர்ப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள்: "அண்ணா, மனசு ஒப்பல. ஆனா இவ்வளவு காசை எப்படிண்ணா வேண்டாம்னு சொல்றது? வீட்ல என்ன சொல்றது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உறுத்தலே இல்லாதவர்களை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ என்ற பெயரில் நடக்கும் எல்லாமே தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கணக்கு புரியாத சாதாரண மனிதர்களின் சேமிப்பு கரைவதால்தான் ஒரு நிறுவனம் எனக்குச் சம்பளம் தர முடிகிறது என்றால், அந்தச் சம்பளம் எனக்கு வேண்டாம். பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு மறுக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்தப் பார்ப்பதைப் பற்றியவை.

வேலை நிஜமா என்று பாருங்கள்

மறுப்பதற்கு முன், மறுக்க ஒரு வேலை இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கிரிப்டோ பெயரில் வரும் போலி வேலைகள் ஏராளம். டெலிகிராமில் கூப்பிட்டு, சின்னச் சின்ன வேலை கொடுத்து, கொஞ்சம் பணமும் அனுப்பி, பிறகு "டெபாசிட் கட்டினால் கமிஷன் கூடும்" என்பார்கள். இன்னொரு வகை நிரலாளர்களைக் குறிவைப்பது: "டெஸ்ட் அசைன்மென்ட்" என்று ஒரு கோப்புத் தொகுப்பை அனுப்பி, உங்கள் கணினியில் ஓட்டச் சொல்வார்கள். ஓட்டினால் உள்ளே இருக்கும் கெடுமென்பொருள் கடவுச்சொற்களையும் வாலட் சாவிகளையும் (கிரிப்டோ இருப்பைத் திறக்கும் ரகசிய எண்கள்) அள்ளிக்கொண்டு போய்விடும். யார் அனுப்பியதென்று தெரியாத நிரலை உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டவே கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். அது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண்.

நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது, நிறுவனர்கள் யார், சம்பளம் எந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரும் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை என்றால், இந்த வழிகாட்டியின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது. ஒற்றை வரியில் மறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

படி 1: உறுத்தலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எனக்கு கிரிப்டோ பிடிக்காது" என்பது போதாது. அடுத்த முறை சம்பளத்தை ஏற்றிச் சொன்னதும் அந்த வாக்கியம் கரைந்துவிடும். எதற்காகப் பிடிக்கவில்லை, அதில் பாதிக்கப்படுவது யார் என்று எழுதுங்கள். நான் கேட்ட வரையில் நம் பக்கத்துப் பிள்ளைகளின் உறுத்தல் பெரும்பாலும் மூன்று வகைதான்.

சிலருக்கு மின்சாரம். மேட்டூர்க்காரத் தங்கை ஒருத்தி, அனல் மின் நிலையத்துச் சாம்பலைப் பார்த்து வளர்ந்தவள், "காசு உண்டாக்கறதுக்காக இவ்வளவு கரண்டை எரிக்கறதுக்கு நான் கோடு எழுத மாட்டேன்" என்றாள். நியாயமான உறுத்தல். ஆனால் இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவு மின்சாரம் தின்பது பிட்காயின் பயன்படுத்தும் ப்ரூஃப் ஆஃப் வொர்க் முறை, அதாவது கணினிகள் போட்டி போட்டுக் கணக்குப் போட்டுப் பரிவர்த்தனைகளை உறுதி செய்வது. இன்னொரு பெரிய கிரிப்டோ வலையமைப்பான எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் முறைக்கு, அதாவது நாணயத்தைப் பிணையாக வைத்து உறுதி செய்யும் முறைக்கு, மாறிவிட்டது. அதன் மின் செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எத்தீரியம் மேல் கட்டும் நிறுவனத்தை மின்சாரத்தைக் காரணம் காட்டி மறுத்தால், அவர்கள் இதைச் சொல்லிக் காட்டுவார்கள், நீங்கள் பதில் இல்லாமல் நிற்பீர்கள். உண்மையான உறுத்தல் வேறாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சிலருக்கு மார்க்கம். கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவருக்கு இது ஹலாலா என்ற கேள்வி. அறிஞர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை. இணையத்தில் தேடி உங்களுக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொள்ளாமல், நிறுவனம் என்ன செய்கிறது என்ற விவரத்தோடு உங்கள் ஹஜ்ரத்திடம் போங்கள். "கிரிப்டோ கூடுமா?" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமான பதில்தான் வரும்.

சிலருக்குச் சூதாட்டம். இதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏற்காட்டில் இரண்டு மூன்று ஏக்கர் காப்பி வைத்திருக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அராபிகாவுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதில் நியூயார்க் எதிர்காலச் சந்தைக்கு (பின்னால் கைமாறும் சரக்குக்கு இப்போதே விலை பேசும் இடம்) பெரிய பங்கு உண்டு. அந்தச் சந்தையிலும் ஊக வணிகம் நடக்கிறது. ஆனால் அங்கே காப்பிக் கொட்டை என்று ஒன்று இருக்கிறது. விலை விழுந்துவிடுமோ என்று பயப்படுகிற வியாபாரி முன்கூட்டியே விலையைக் கட்டி வைத்து நஷ்டத்திலிருந்து தப்பிக்க முடியும். ஒரு டோக்கனுக்கு, அதாவது ஒரு நிறுவனம் தானே உருவாக்கி விற்கும் கிரிப்டோ நாணயத்துக்கு, பின்னால் கொட்டையும் இல்லை, வருமானமும் இல்லை, அடுத்து வாங்குகிறவர் கூடுதல் விலை தருவார் என்ற நம்பிக்கை மட்டும்தான் என்றால், ஒருவர் எடுக்கும் லாபம் இன்னொருவர் போட்ட காசுதான். உங்கள் வாக்கியம் இதைப் பற்றியது என்றால், பங்குச் சந்தையில் பியூச்சர்ஸ், ஆப்ஷன் விளையாட்டை (வருங்கால விலை மேல் பந்தயம் கட்டுவது மாதிரி) தூண்டும் செயலியில் வேலை வந்தாலும் மறுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளைப் பார்த்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் அறிக்கை தந்தது. ஒன்றை மறுத்து இன்னொன்றை ஏற்றால், உங்கள் உறுத்தல் கிரிப்டோ என்ற பெயரோடு நின்றுவிடுகிறது.

என்னுடைய வாக்கியம் இது: "நஷ்டத்தைத் தாங்க முடியாதவர்கள் அடிக்கடி பணம் போட்டு இழந்தால்தான் வளரும் தொழிலுக்கு நான் வேலை செய்ய மாட்டேன்." உங்களுடையது வேறாக இருக்கும். எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நிறுவனத்தின் வருமானம் எங்கிருந்து வருகிறது?

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. கிரிப்டோ நிறுவனம் என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே நடக்கும் தொழில்கள் வேறு வேறு.

பரிவர்த்தனைத் தளம் (எக்ஸ்சேஞ்ச்) என்றால், வாங்குவதிலும் விற்பதிலும் கட்டணம் எடுக்கிறது. அடுத்து கேட்க வேண்டியது: அந்தக் கட்டணத்தில் எவ்வளவு பங்கு பியூச்சர்ஸிலிருந்து வருகிறது, எத்தனை மடங்கு லெவரேஜ் தருகிறீர்கள்? 20 மடங்கு லெவரேஜ் என்றால், 5,000 ரூபாய் போட்டவர் ஒரு லட்சத்துக்கு ஆட்டம் ஆடுகிறார். விலை 5 சதவீதம் எதிர்ப்பக்கம் போனாலே போட்டது முழுக்கப் போய்விடும். பிட்காயின் விலை ஒரே நாளில் 5 சதவீதம் ஆடுவது அபூர்வம் இல்லை. அந்தத் திரையை வடிவமைப்பதும், "இன்னும் கொஞ்சம் போடலாமே" என்ற அறிவிப்பை அனுப்புவதும் உங்கள் வேலையாக இருக்கலாம்.

வட்டி தரும் நிறுவனம் என்றால் கேள்வி இன்னும் எளிது. வட்டி எங்கிருந்து வருகிறது? டெர்ரா என்ற கிரிப்டோ வலையமைப்பில் ஆங்கர் என்ற திட்டம் வருடத்துக்கு ஏறக்குறைய 20 சதவீதம் தருவதாகச் சொல்லி உலகம் முழுவதும் பணம் திரட்டியது. 2022 மே மாதம் சில நாட்களில் எல்லாம் சரிந்தது. அடுத்த மாதமே செல்சியஸ் என்ற கடன் நிறுவனம் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தி, ஜூலையில் திவால் மனு போட்டது. நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. பெருந்துறையில் ஈமு கோழித் திட்டம் நினைவிருக்கும். குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். 2012-இல் நிறுவனம் விழுந்தது. கோழியை வாங்குகிறவர் யார் என்று முதலிலேயே கேட்டிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். வட்டி தரும் கிரிப்டோ நிறுவனத்திடமும் அந்தக் கேள்வியையே கேளுங்கள்.

சொந்த டோக்கன் வெளியிடும் நிறுவனம் என்றால், மொத்த டோக்கனில் நிறுவனர்களும் முதலீட்டாளர்களும் எவ்வளவு வைத்திருக்கிறார்கள், எப்போது விற்க முடியும் என்று பாருங்கள். வெளியிட்ட ஆவணத்திலேயே பெரும்பாலும் இருக்கும். அவர்கள் விற்கும் நாளில் வாங்குகிறவர் யார் என்று யோசித்தால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருட்டுப் பணத்தைத் தடம் பிடிக்கும் பகுப்பாய்வு நிறுவனங்கள், ஒப்பந்த நிரல்களில் (நிபந்தனை நிறைவேறினால் தானாகவே பணத்தை மாற்றும் நிரல்கள்) ஓட்டை இருக்கிறதா என்று தணிக்கை செய்பவர்கள், ஜீரோ நாலெட்ஜ் (ரகசியத்தை வெளியிடாமலே அது தெரியும் என்று நிரூபிப்பது) மாதிரியான மறையீட்டியல் ஆராய்ச்சி செய்பவர்கள். இவர்களையும் மொத்தமாக ஒதுக்கினால் உங்கள் வாக்கியத்துக்கு நீங்களே விரோதமாகப் போகிறீர்கள். கருப்பூர் கல்லூரியில் படித்த ஒரு தம்பி எக்ஸ்சேஞ்ச் வேலையை மறுத்துவிட்டு, தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்தான். அவன் வாக்கியத்துக்கு அது பொருந்தியது. எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நேர்காணலில் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்குகிறார்கள். தாராளமாகக் கேளுங்கள். "கடந்த வருடம் வருமானத்தில் பெரிய பங்கு எந்தச் சேவையிலிருந்து வந்தது?", "வாடிக்கையாளர் பணமும் நிறுவனப் பணமும் தனித்தனியாக இருக்கின்றனவா, யார் தணிக்கை செய்கிறார்கள்?", "ஒரு அம்சம் வாடிக்கையாளருக்குக் கெடுதல் என்று பொறியாளர் சொன்னால் அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்?" இந்த மூன்றுக்கும் அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்று எஃப்டிஎக்ஸ் என்ற பரிவர்த்தனைத் தளம் காட்டியது. 2022 நவம்பரில் திவாலான அந்தத் தளத்தில், வாடிக்கையாளர் பணம் அதே நிறுவனரின் அலமேடா என்ற வர்த்தக நிறுவனத்துக்குப் போயிருந்தது. நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்சில் 25 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் நான் பொறியாளர்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. அலமேடாவின் கணக்கு மட்டும் மைனஸில் போகலாம் என்ற விதிவிலக்கு நிரலுக்குள் இருந்தது. நிறுவனர் சொல்லித்தான் அதை வைத்தோம் என்று தொழில்நுட்பத் தலைவராக இருந்த கேரி வாங் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவரும், பொறியியல் தலைவராக இருந்த நிஷாத் சிங்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். "நான் கோடு மட்டும்தான் எழுதுகிறேன், தொழிலை நடத்துவது அவர்கள்" என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். அந்த வழக்கைப் படித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

படி 3: சட்டத்தையும் மனசையும் கலக்காதீர்கள்

வீட்டில் யாராவது "அதெல்லாம் தடை பண்ணிட்டாங்களே" என்பார்கள். தடை இல்லை. வங்கிகள் கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த ஜூலையிலிருந்து 1 சதவீத டிடிஎஸ். 2023 மார்ச்சில் இந்தத் தொழில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. இந்தியர்களுக்குச் சேவை தரும் தளங்கள் எஃப்ஐயு-இந்தியா என்ற மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத 9 வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்த வருடக் கடைசியில் நோட்டீஸ் போனது.

உங்களுக்கு வேலை தருகிற தளம் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால் மறுக்க அது ஒன்றே போதும். செய்திருந்தால், சட்டத்தின் பக்கம் உங்கள் கேள்வி முடிந்தது. மனசின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நிறைய தொழில்கள் சட்டப்படி நடக்கின்றன, எல்லாவற்றுக்கும் நாம் உழைப்பதில்லை.

படி 4: சம்பளத்தை உரித்துப் பாருங்கள்

மறுக்கும் தொகை எவ்வளவு என்று தெரியாமல் மறுத்தால், அது மனசில் வருடக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே போகும். உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், எவ்வளவு ரொக்கம், எவ்வளவு டோக்கன். டோக்கன் பங்கு வழக்கமாக நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் வருடம் முடியும் முன் வெளியேறினால் ஒன்றும் கிடைக்காது என்பது பொதுவான ஏற்பாடு. டோக்கன் கைக்கு வந்த நாளின் சந்தை விலை உங்கள் வருமானமாகக் கணக்காகும். 10 லட்சம் மதிப்பில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் அதற்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 3 லட்சத்து 12 ஆயிரம். நீங்கள் விற்கும்போது விலை விழுந்து 3 லட்சம்தான் கிடைத்தது என்றால், கட்டிய வரி கையில் வந்ததைவிட அதிகம். இழந்த 7 லட்சத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டு போகவும் முடியாது. நம் நாட்டு விதி அப்படி.

அப்புறம், வெளிநாட்டு நிறுவனம் உங்களை ஊழியராக எடுக்கிறதா, ஒப்பந்தக்காரராகவா? ஒப்பந்தம் என்றால் பிஎஃப் இல்லை, மருத்துவக் காப்பீடு நீங்களே எடுக்க வேண்டும், முன்கூட்டிய வரியை வருடத்துக்கு நான்கு தவணையாக நீங்களே கட்ட வேண்டும், வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் பார்க்க வேண்டும். சேலத்தில் நல்ல ஆடிட்டரைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எல்லாம் தெளிவாகும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு "மூன்று மடங்கு" என்று தெரிந்தது பலருக்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கியிருக்கிறது. சுருங்காமலும் இருக்கலாம். நிஜமாகவே மூன்று மடங்கு என்றால், அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு மறுங்கள்.

எதிர்ப் பக்கத்தில் உங்கள் தேவையை எழுதுங்கள்: வீட்டுக் கடன், படிப்புக் கடன், அப்பாவின் மருந்து, தங்கை கல்யாணம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் சிறுநீரகச் சிகிச்சையோ, தலைக்கு மேல் கடனோ இருக்கிற ஒருவர் அந்த வேலையை ஏற்றால் அவரைக் குற்றம் சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. எந்தப் பகுதியில் வேலை செய்வேன், எதில் கை வைக்க மாட்டேன், எந்தக் கடன் முடிந்ததும் வெளியே வருவேன் என்று அவர் எழுதி வைத்துக்கொண்டு போகட்டும். மறுப்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

படி 5: நிறுவனத்துக்கு முன் வீட்டில் சொல்லுங்கள்

மறுத்துவிட்டு வந்து சொன்னால் வீட்டில் அது செய்தியாக விழும். முன்பே சொன்னால் அவர்களும் முடிவில் இருப்பார்கள். கல்யாண மண்டபத்தில், மாமா, சித்தப்பா எல்லோரும் இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா அம்மாவிடம் மட்டும். கல்யாணமானவர் என்றால் முதலில் மனைவியிடமோ கணவரிடமோ. அவர்கள் உங்களோடு நின்றால் மற்றவர்கள் கேள்வி அவ்வளவு வலிக்காது.

பிளாக்செயின் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பணம் யாரிடமிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பையன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அப்போ தோத்தவன் காசுலதான் உனக்குச் சம்பளம், அப்படித்தானே கண்ணு?" பையன் அரை மணி நேரம் விளக்க நினைத்தது அது. "டச் (வெள்ளியின் தூய்மை) குறைச்சு வித்தா எனக்கும்தான் லாபம். வாங்கறவன் மறுபடி வருவானா?" என்றும் கேட்டிருக்கிறார். தொழில் செய்கிற வீடுகளில் இது சீக்கிரம் புரிகிறது. மாதச் சம்பள வீடுகளில் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கும்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. "உனக்கு மட்டும் எதுக்கு இந்த நியாயம்? ஊரே சம்பாதிக்குது" என்பார்கள். எதிர்த்துப் பேச வேண்டாம். படி 4-இல் எழுதிய கணக்கை எடுத்து முன்னால் வையுங்கள்: இந்த வருடம் வீட்டுக்கு என்னென்ன தேவை, இப்போதைய சம்பளத்தில் எது நடக்கும், எது ஒரு வருடம் தள்ளிப் போகும். தள்ளிப் போவதை மறைக்காமல் சொல்லுங்கள். அதை ஏற்கச் சொல்லித்தான் அவர்களைக் கேட்கிறீர்கள்.

யோசிக்க நேரம் வேண்டும் என்றால் நிறுவனத்திடம் ஒரு வாரம் கேளுங்கள். "48 மணி நேரத்தில் கையெழுத்து" என்று அவசரப்படுத்துகிற இடம், உள்ளே போனாலும் அப்படித்தான் நடத்தும். இரைச்சலில்லாமல் பேச இடம் வேண்டும் என்றால் வார நாளில் வீட்டில் இருவராக ஏற்காட்டுக்குக் கிளம்பிப் போங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பாதி பேசியிருப்பீர்கள். சனி, ஞாயிறு வேண்டாம். ஏரிப் பக்கம் கூட்டத்தில் எதுவும் பேச முடியாது.

படி 6: மறுப்புக் கடிதம்

எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியுமோ அவ்வளவு நல்லது. முதல் அழைப்பிலேயே தெரிந்துவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். நான்கு சுற்று நேர்காணல் முடித்து, சம்பளம் பேசி, கடைசியில் கொள்கை என்றால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல் வருவது நியாயம். நண்பர் சிபாரிசு செய்திருந்தால் அவரிடம் முதலில் போனில் சொல்லுங்கள். அவர் அங்கேயே வேலை செய்கிறவராக இருப்பார். "நீ செய்வது தப்பு" என்று அவர் காதில் விழாதபடி பேசுங்கள்.

பொய்க் காரணம் சொல்லாதீர்கள். "வீட்டுச் சூழ்நிலை" என்றால் "ஆறு மாதம் கழித்துச் சேருங்கள்" என்பார்கள். "சம்பளம்" என்றால் ஏற்றித் தருவார்கள். உண்மைக் காரணத்துக்குத்தான் அவர்களிடம் மறுபேச்சு இருக்காது. ஆனால் பிரசங்கம் வேண்டாம், கட்டுரை வேண்டாம். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். அளவும் தொனியும் இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். வேலை வாய்ப்புக்கும், உங்கள் குழு எனக்காகச் செலவிட்ட நேரத்துக்கும் நன்றி. யோசித்துப் பார்த்து, இந்த வேலையை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். லெவரேஜ் வர்த்தகத்திலிருந்து வரும் வருமானத்தைச் சார்ந்த பொருளில் வேலை செய்வது என் சொந்த நம்பிக்கைகளுக்கு ஒத்துவரவில்லை. இது சம்பளத்தையோ பதவியையோ பற்றியது இல்லை. அவற்றை மாற்றினாலும் என் முடிவு இதுவாகவே இருக்கும். நேர்காணலில் பேசியவர்கள் எல்லோரும் மரியாதையோடு நடத்தினார்கள். உங்களுக்கு என் வாழ்த்துகள்."

கடிதத்தில் உள்ள "மாற்றினாலும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த நாளே திருத்திய தொகையோடு மின்னஞ்சல் வரும். இருந்தும் சில சமயம் வரும். அப்போது இரண்டே வரி: நன்றி, முடிவில் மாற்றமில்லை. அதற்கு மேல் பதில் எழுத வேண்டியதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். சேரும் முன் விலகினால் என்ன, முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பித் தருவது எப்படி என்று இருக்கும். சேர்வதற்கான போனஸ் கணக்குக்கு வந்திருந்தால் அதைத் தொடாமல் வைத்திருங்கள். பழைய வேலையில் ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் இன்னும் முடியவில்லை என்றால், அங்கே உங்கள் மேலாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பல இடங்களில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 7: வரப்போகும் வாதங்கள்

"நீ போகலைன்னா இன்னொருத்தன் போவான்" என்பார்கள். போவார். நீங்கள் முடிவு செய்ய முடிந்தது உங்கள் உழைப்பு எங்கே போகிறது என்பதை மட்டும்தான். அதை முடிவு செய்திருக்கிறீர்கள்.

"உள்ளே போய் மாத்தலாமே" என்பது இன்னும் கனமான வாதம். படி 2-இன் மூன்றாவது கேள்வி இதற்குத்தான். கெடுதலான அம்சத்தை நிறுத்தும் அதிகாரம் உங்கள் பதவிக்கு இருக்கிறதா? இருக்கிறது என்று எழுத்தில் தந்தால் மறுபடி யோசியுங்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் நான்காவது ஆளாகச் சேர்ந்து எதையும் மாற்ற முடியாது.

"பாங்க் மட்டும் யோக்கியமா?" இல்லை, அங்கேயும் அநியாயம் நடக்கிறது. வங்கியில் கடன் வசூல் செயலி எழுதும் வேலை வந்தால் அதற்கும் உங்கள் வாக்கியத்தை வைத்துப் பாருங்கள்.

படி 8: மறுத்த பிறகு

முதல் சில வாரங்கள் லேசாக இருக்கும். கஷ்டம் பிறகு, விலை ஏறும்போது வரும். 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போன பிட்காயின், ஒரு வருடத்தில் 16,000 பக்கம் வந்தது. மறுத்தவர்களை அப்போது எல்லோரும் புத்திசாலி என்றார்கள். 2024 டிசம்பரில் அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது; "விட்டுட்டியேடா" என்றார்கள். அந்த வருடம் ஜூலையில்தான் வாசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிவர்த்தனைத் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடு போய், நம் நாட்டில் லட்சக்கணக்கானோர் பணம் முடங்கியது. விலை ஏறியதற்கும் இறங்கியதற்கும் நீங்கள் எழுதி வைத்த வாக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. விலை இறங்கும் என்று நினைத்து மறுத்திருந்தால் மட்டும்தான் ஏறும்போது வருத்தப்பட வேண்டும்.

வருமானத்தில் விட்டதை வேறு வழியில் ஈடுகட்டப் பாருங்கள். கிரிப்டோ நிறுவனங்கள் தேடும் அதே திறமைக்கு வெளியே நல்ல தேவை இருக்கிறது: பணப் பரிமாற்ற அமைப்புகள், யுபிஐ சார்ந்த சேவைகள், வங்கிப் பாதுகாப்பு, டிஜிட்டல் கையொப்பம், பெரிய தரவுத்தளங்கள். ரஸ்ட் தெரிந்தவருக்கு கிரிப்டோதான் கதி என்பது இல்லை. ஊருக்குள்ளேயும் வேலை இருக்கிறது. ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் பூங்காவில் தேடலாம், ஜவ்வரிசி ஆலைகளுக்கும் இளம்பிள்ளைச் சேலை வியாபாரிகளுக்கும் கணக்கு, இருப்பு, ஏற்றுமதி மென்பொருள் எழுதித் தரலாம். டாலர் அளவுக்கு வராது. இரண்டு மூன்று வாடிக்கையாளர் சேர்ந்தால் இடைவெளி கணிசமாகக் குறையும்.

அந்த வேலையை ஏற்ற நண்பர்களோடு உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுடைய கணக்கில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களே கேட்டால் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேறு பேசுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. லிங்க்ட்இன் பக்கத்தில் உங்களைப் பற்றிய குறிப்பின் கீழ் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: லெவரேஜ் வர்த்தகம், டோக்கன் வெளியீடு, வட்டித் திட்டம் ஆகியவற்றில் வேலை செய்வதில்லை, பாதுகாப்பு, தணிக்கை வேலைகள் பற்றிப் பேசலாம். ஆள் தேடுகிறவர்களில் பலர் அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். மிச்சமிருந்து வருகிற அழைப்புகளுக்கு மட்டும் படி 2-இலிருந்து ஆரம்பித்தால் போதும்.